கேமரா படிப்புக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கல்யாண ஆல்பம் வேலை வேண்டாம், ஆர்ட் போட்டோகிராபர் ஆகணும் என்கிறாள். கோவையிலிருந்து வந்த ஒருவர், "வெளிநாட்டுப் பட்டம், கேமராவும் சேர்த்து மூன்று லட்சம், இந்த வாரமே 25,000 கட்டினால் சீட் உறுதி" என்கிறார். கட்டலாமா? (கோத்தகிரி வாசகி)

பதில்: கட்டாதீர்கள். வீடு தேடி வந்து சீட் விற்பவருக்குக் கமிஷன்தான் குறி. உங்கள் மகள் எடுத்த ஒரு படத்தையாவது காட்டச் சொன்னாரா? நல்ல கலைப் படிப்புகள் பெரும்பாலும் நுழைவுத் தேர்வோ மாணவர் எடுத்த படங்களின் தொகுப்போ (போர்ட்போலியோ) இல்லாமல் ஆள் சேர்க்காது. கேமரா இலவசமும் இல்லை. அதன் விலை அந்த மூன்று லட்சத்துக்குள்ளேயே இருக்கிறது.

அவர் சொல்லும் பட்டத்தை விசாரியுங்கள். 1956-ம் ஆண்டு யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டப்படி பட்டம் கொடுக்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும் சட்டம் அனுமதித்த சில நிறுவனங்களுக்கும்தான். விளம்பரத்தில் வெளிநாட்டுப் பெயர் இருக்கும், ரசீதில் ஏதோ ஒரு டிரஸ்ட் பெயர் இருக்கும். ரசீதைப் பார்த்தாலே பாதி வேஷம் கலைந்துவிடும்.

ஆர்ட் போட்டோகிராபருக்குப் பட்டம் தேவையா? கண்காட்சி வைப்பவர்கள் மார்க் ஷீட் கேட்பதில்லை. ஆனால் ஒரு இடத்தில் பட்டம் கட்டாயம்: மேற்படிப்பு. குஜராத் காந்திநகரில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவன (என்ஐடி) வளாகத்தில் போட்டோகிராபி டிசைன் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. பட்டமோ அதற்கு இணையான படிப்போ இல்லாமல் அங்கே சேர முடியாது. அது மூன்று வருடப் பட்டமா நான்கு வருடமா, என்ன பாடம் என்பதிலும் நிபந்தனை வரும். அந்தந்த வருட அறிவிப்பை வரிவரியாகப் படியுங்கள், புரோக்கர் வாயை நம்பாதீர்கள். இளநிலையிலேயே வேண்டுமென்றால் ஹைதராபாத் ஜவஹர்லால் நேரு கட்டடக்கலை, நுண்கலைப் பல்கலைக்கழகத்தில் பி.எப்.ஏ. போட்டோகிராபி உண்டு.

தமிழ்நாட்டில்? 1850-ல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியில் அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே போட்டோ எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அதே கவின் கலைக் கல்லூரியில் இன்று போட்டோகிராபிக்குத் தனிப் பட்டம் இல்லை. சென்னை தரமணியில் உள்ள அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் சினிமா ஒளிப்பதிவு இருக்கிறது. அது வேறு தொழில். நம் பிள்ளைகள் மாநிலம் தாண்டி ஓடுகிறார்கள், நடுவில் புரோக்கர் கடை விரிக்கிறான்.

சேரும் வரை மகள் சும்மா இருக்க வேண்டாம். பனிமூட்டமும் தேயிலைத் தோட்டமும் எல்லாரும் எடுத்துத் தீர்த்தாயிற்று. நீலகிரியிலேயே உள்ள கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் இடத்துக்குப் போகட்டும்: மூட்டையைக் கொட்டும் கை, சுழலும் டிரம், செம்மண் தண்ணீர் ஓடும் வாய்க்கால். ஒரே இடத்தை மழையிலும் வெயிலிலும் எடுத்து, பிரிண்ட் போட்டுச் சுவரில் ஒட்டி, இருபது படங்களை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்கட்டும். போட்டோகிராபர் தயானிதா சிங் 1980-களில் என்ஐடி மாணவியாகத் தபலா கலைஞர் ஜாகிர் உசேன் ஒருவரையே வருடக்கணக்கில் தொடர்ந்து எடுத்தார். 1986-ல் அது புத்தகமாயிற்று. 2022-ல் அவருக்கு ஹாசல்பிளாட் என்ற சர்வதேச போட்டோகிராபி விருது. (நம் மலை ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், சிலிகா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.)

நுழைவுக் கட்டணம் வாங்கும் போட்டோ போட்டிகளில் "படத்தின் உரிமை முழுவதும் எங்களுக்கே" என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அனுப்பவே கூடாது.

அந்தக் கோவைக்காரரிடம் மகளின் அசல் மார்க் ஷீட்டோ டிசியோ கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பி வாங்கிவிடுங்கள். அசலைப் பிடித்துவைக்கக் கல்லூரிக்கே அதிகாரம் கிடையாது என்கிறது யூஜிசி. இவருக்கு எங்கிருந்து வந்தது?