டாஷ்போர்டில் நினைவகம் 95% என்று சிவப்பாக எரிகிறது, சர்வரோ நன்றாக ஓடுகிறது. ஏன்?

சர்வரில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் டாஷ்போர்டு தவறான எண்ணை எடுத்துக்கொண்டிருக்கும்.

லினக்ஸ் நினைவகத்தைச் சும்மா கிடக்க விடாது. வட்டிலிருந்து படித்த கோப்புகளை அதில் வைத்துக்கொள்ளும். ஏதாவது நிரல் இடம் கேட்டால் காலிசெய்து கொடுத்துவிடும். எங்கள் 16 ஜிபி சர்வரில் ‘மெம்ஃபிரீ’ (முற்றிலும் காலியாகக் கிடக்கும் நினைவகம்) 600 எம்பி என்று நின்றது. அடுத்த வரியிலேயே ‘மெம்அவைலபிள்’ (நிரல்கள் கேட்டால் கொடுக்கக்கூடிய நினைவகம்) 11 ஜிபி! நள்ளிரவில் என்னை எழுப்பிவிட்டது முதல் எண். பார்த்திருக்க வேண்டியது இரண்டாவது. 2014இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 3.14 பதிப்பு வந்தபோது சேர்க்கப்பட்ட வரி அது. மொத்தத்திலிருந்து அதைக் கழித்து, மொத்தத்தால் வகுத்து, டாஷ்போர்டு வரையும் கருவியான கிராஃபனாவில் போடுங்கள்.

இந்த எண்களைச் சேகரிப்பது புரோமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் என்றால், மின்கணக்கு எடுப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கணினியிலும் நோட் எக்ஸ்போர்ட்டர் என்ற சிறு நிரல் 9100ஆம் போர்ட்டில் (நெட்வொர்க் வாசலில்) மீட்டரைத் திறந்து வைத்திருக்கும். புரோமிதியஸ்தான் வந்து குறித்துக்கொண்டு போகும். சிபியுவுக்கு வருவதும் மீட்டர் கணக்குதான்: கணினி தொடங்கியதிலிருந்து உழைத்த மொத்த விநாடிகள். இரண்டு அளவீடுகளின் வித்தியாசத்தை இடைவெளியால் வகுத்தால்தான் சதவீதம் கிடைக்கும். அந்த மொத்தத்தை அப்படியே வரைந்துவிட்டு, கோடு ஏறிக்கொண்டே போகிறதே என்று பதறியவர்கள் உண்டு (நானும்தான்).

வட்டுக்கு 90% என்று எச்சரிக்கை வைப்பதைவிட, ‘இதே வேகத்தில் போனால் 4 மணி நேரத்தில் நிரம்புமா?’ என்று கேட்கும் விதியே எனக்குப் பிடிக்கும். புரோமிதியஸில் அதற்கு ‘பிரெடிக்ட் லீனியர்’ என்ற கணிப்புச் சார்பு (ஃபங்ஷன்) இருக்கிறது.