ஓல் வீல் ட்ரைவ் இருக்கு, பிறகேன் சறுக்கினது?

கேள்வி: அண்ணை, வணக்கம். கனடாவில, ரொறன்ரோவுக்குக் கிட்ட மார்க்கம் நகரத்தில இருக்கிறன், பேர் போட வேண்டாம். போன சம்மர்ல நாலு வருசம் ஓடின ஜெர்மன் லக்சரி எஸ்யூவி ஒண்டு வாங்கினனான், 21 இன்ச் ரிம், பார்க்க நல்ல வடிவு. வித்தவர் “இது ஓல் வீல் ட்ரைவ், வின்ரர் ரயர் ஒண்டும் தேவையில்லை” எண்டு சொல்லித்தான் தந்தவர். முதல் ஸ்னோ கொட்டின அண்டைக்கு பிள்ளையளைப் பள்ளிக்கூடத்தில இறக்கப் போகேக்க ஸ்டொப் சைன்ல பிரேக்கை அமத்தினன், கார் நிக்கேல்ல, சந்திக்கு நடுவில போய்த்தான் நிண்டது. நல்ல காலம் குறுக்க ஒருத்தரும் வரேல்ல. இப்ப மனுசி தன்ர கொரோலாவிலதான் பிள்ளையளை ஏத்துவன் எண்டு நிக்கிறா, அதில வின்ரர் ரயர் போட்டிருக்கு. இவ்வளவு காசு குடுத்து வாங்கின காரில என்ன பிழை?

பதில்: தம்பி, மனுசி சொல்லுறது சரி. ரயர் மாத்துமட்டும் பிள்ளையளை கொரோலாவிலயே ஏத்துங்கோ. உங்கட காரில பிழை ஒண்டும் இல்லை, அண்டைக்கு அது தன்னால ஏலுமான எல்லாத்தையும் செய்திருக்கும், பிழை ரயரில, அதைவிடப் பெரிய பிழை அந்த வித்தவர் சொன்ன கதையில. எக்ஸ்ட்ரைவ், குவாட்ரோ, ஃபோர்மாட்டிக் எண்டு ஒவ்வொரு கொம்பனியும் ஒவ்வொரு பேர் வச்சிருந்தாலும் வேலை ஒண்டுதான், எஞ்சினின்ர இழுவையை நாலு சில்லுக்கும் பிரிச்சுக் குடுக்கிறது. அதால சிக்னல் பச்சை விழேக்க நீங்கள் வழுக்காமல் கெதியா வெளிக்கிடுவியள், பக்கத்தில கொரோலா முன் சில்லுச் சுத்தச் சுத்த நிக்கும். ஆனா பிரேக் எண்டுறது எல்லாக் காரிலயும் நாலு சில்லிலயும்தான் இருக்கு, நிப்பாட்டேக்க ஓல் வீல் ட்ரைவ் ஒரு உதவியும் செய்யாது. அந்த நேரம் உங்களுக்கும் ரோட்டுக்கும் நடுவில இருக்கிறது நாலு ரயரும் ரோட்டைத் தொடுற இடம் மட்டும்தான், ஒவ்வொண்டும் கிட்டத்தட்ட ஒரு உள்ளங்கை அளவு. இதில பொல்லாத விசயம் என்னெண்டா, கார் நல்லா வெளிக்கிடுறதால ரோட்டு வழுக்குது எண்டே காலுக்குத் தெரியாது, பிரேக் அமத்தேக்கதான் தெரியவரும்.

ஒரு கணக்குச் சொல்லுறன். 50 கிலோமீற்றர் வேகத்தில போய், காய்ஞ்ச ரோட்டில முழுப் பிரேக் அடிச்சா பன்னிரண்டு பதின்மூண்டு மீற்றரில நிக்கலாம், அமந்து இறுகின ஸ்னோவில அதே வேகத்துக்கு 40, 50 மீற்றர் போகும், வெறும் ஐஸில 80, 100 எண்டு போகும். வேகம் இரண்டு மடங்கு எண்டா தூரம் நாலு மடங்கு. இதில உங்கட கார் இரண்டு தொன்னுக்கு மேல, கொரோலா ஒண்டரைத் தொன்கூட இல்லை, அதால அந்தச் சந்தியில ஆரையும் இடிச்சிருந்தா அந்த இடி எப்பிடி இருந்திருக்கும் எண்டு நினைக்கவே எனக்கு நெஞ்சு பதறுது.

இப்ப முதல் வேலையா வெளியில போய் ரயரின்ர பக்கத்தைப் பாருங்கோ. மூண்டு கூர் வச்ச மலையும் அதுக்குள்ள ஒரு ஸ்னோப் பூவும் கீறியிருந்தா அது ஸ்னோவில சோதிச்சுப் பார்த்த ரயர். எம் பிளஸ் எஸ் (M+S) எண்டு மட்டும் இருந்தா அது ரயரில வெட்டின கோலத்தைப் பற்றின அடையாளம், ஸ்னோவில ஓட்டிப் பார்த்தது எண்டு அர்த்தமில்லை. இது இரண்டுமே இல்லாட்டி அனேகமா அது சம்மர் ரயர். 21 இன்ச் ரிம்மோட ஸ்போர்ட் பக்கேஜ் எடுத்த காருகளுக்கு கன தரம் சம்மர் ரயர்தான் வாறது, ஆக்கள் அதை ஓல் சீசன் எண்டு நினைச்சு ஓடுவினம். சம்மர் ரயரின்ர ரப்பர் 7 பாகைக்குக் கீழ போகப் போக இறுகும், மைனஸில பிளாஸ்டிக் மாதிரி வந்திடும், பிறகு ரோட்டை எப்பிடிப் பிடிக்கும்? ஓல் சீசனும் அந்தக் குளிரில கொஞ்சம் கொஞ்சமா இறுகும். வின்ரர் ரயரின்ர ரப்பர் வேற கலவை, மைனஸ் 20லயும் மெதுவா இருக்கும், அதில கத்தியால கீறின மாதிரி நூற்றுக்கணக்கில மெல்லிய வெட்டு இருக்கு, அந்த விளிம்புகள்தான் ஸ்னோவைக் கடிக்கிறது.

வாங்கேக்க 21 இன்ச்சிலயே தேட வேண்டாம். 19 இன்ச் ரிம், சில காருகளுக்கு 20, பிரேக் கலிப்பர் இடிக்காத ஆகச் சின்ன அளவு எதெண்டு கேட்டு, வெளி விட்டம் மாறாமல் கொஞ்சம் ஒடுக்கமான ரயரா எடுங்கோ. அகல ரயர் ஸ்னோவுக்கும் சேறா உருகின தண்ணிக்கும் மேல மிதக்கும், ஒடுங்கினது வெட்டிக்கொண்டு கீழ இறங்கும். காசும் குறைவு, குழியில விழுந்தாலும் ரிம் வளையிறது குறைவு. தனி ரிம்மோட வாங்கினா ஒவ்வொரு வருசமும் ரயரைக் கழட்டிப் பூட்டுற கூலியும் மிச்சம். கட்டாயம் நாலையும் போடுங்கோ, இரண்டு மட்டும் எண்டா முன்னுக்குப் பிடிக்கப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு சுத்தும், ஓல் வீல் ட்ரைவுக்கு நாலு ரயரின்ர தேய்மானமும் ஒரே அளவா இருக்கவும் வேணும், இல்லாட்டி இழுவையைப் பிரிக்கிற பெட்டிக்குக் கேடு. ரயரில வெட்டின பள்ளத்தின்ர ஆழம் 4 மில்லிமீற்றருக்கு வந்தா ஸ்னோவுக்கு அது முடிஞ்ச ரயர்.

பக்கத்து மாகாணம் கியூபெக்கில பதிஞ்ச காருகளுக்கு டிசம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 மட்டும் வின்ரர் ரயர் கட்டாயம். இஞ்ச ஒன்ராறியோவில கட்டாயமில்லை, எனக்கு அது பெரிய கவலை, ஆனா 2016 ஜனவரி 1ல இருந்து வின்ரர் ரயர் போட்டவைக்கு இன்சூரன்ஸ் கொம்பனியள் டிஸ்கவுண்ட் குடுக்க வேணும் எண்டு இருக்கு. போன் எடுத்துக் கேளுங்கோ, கேக்காமல் தாங்களாத் தராயினம்.

இன்னொண்டு, பிரேக்கை அமத்தேக்க பெடல் காலுக்குக் கீழ தடதட எண்டு அடிச்சிருக்குமே, அது ஏபிஎஸ், சில்லு பூட்டுப்படாமல் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிற அமைப்பு, பயந்து காலை எடுக்கக் கூடாது, அமத்திப் பிடிச்சுக்கொண்டு போக வேண்டிய பக்கத்தைப் பார்த்து ஸ்டியறிங்கைத் திருப்புங்கோ. நான் வந்த முதல் வின்ரர், கிங்ஸ்டனுக்குக் கிட்ட 401 ஹைவேயில காலை எடுத்துப் போட்டன், கார் அரைவட்டம் அடிச்சு ஓரப் பள்ளத்துக்க போய் நிண்டது. அண்டைக்கு என்ர காரில இருந்ததும் தேய்ஞ்ச ஓல் சீசன்தான்.

கேள்வி: ஸ்னோ மோட் எண்டு ஒரு பட்டன் இருக்கு, அதைப் போட்டா காணாதோ? கார் புதைஞ்சா என்ன செய்யிறது?

பதில்: காணாது. அந்த மோட் அக்சிலரேற்றரை மெதுவாக்கி, சில்லு சடாரெண்டு சுத்தாமல் பார்க்கும், வெளிக்கிடவும் ஏத்தம் ஏறவும் நல்லது, போடுங்கோ. ஏர் சஸ்பென்சன் இருந்தா ஆழ ஸ்னோவில காரை உயர்த்தி விடுங்கோ, இல்லாட்டி வயிறு தட்டி நாலு சில்லும் சும்மா சுத்தும். புதைஞ்சிட்டா, சில்லு சுத்தினா இழுவையைக் குறைக்கிற ட்ரக்சன் கொன்ட்ரோலைக் கொஞ்ச நேரம் ஓஃப் பண்ணி, முன்னுக்கும் பின்னுக்குமா மெல்ல ஆட்டி எடுங்கோ, வெளியில வந்த உடன திரும்பப் போடுங்கோ. வெளியில வரவே ஏலாமல் ஹீற்றருக்காக எஞ்சினை ஓட விட்டுக்கொண்டு இருக்கிறதெண்டா, முதல் இறங்கிப்போய் பின்னால சைலன்சர் குழாயை மூடியிருக்கிற ஸ்னோவைக் கிண்டி எடுங்கோ, அந்தப் புகையில இருக்கிற காபன் மொனொக்சைட் உள்ளுக்க வந்தா மணமும் தெரியாது, உயிரை எடுத்திடும், இதைப் பிள்ளையளுக்கும் சொல்லி வைங்கோ. முன் பம்பரில இருக்கிற ராடாரையும் கமராவையும் ஸ்னோவும் உப்பும் மூடினா தானா பிரேக் பிடிக்கிறதெல்லாம் வேலை செய்யாது, வெளிக்கிட முதல் துடையுங்கோ. வழுக்கிற ரோட்டில, வேகத்தைத் தானா ஒரே அளவில வச்சிருக்கிற குரூஸ் கொன்ட்ரோல் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: வின்ரர் ரயரை எப்ப கழட்டுறது? வருசம் முழுக்க ஓடினா என்ன?

பதில்: வெப்பநிலை 7 பாகைக்கு மேல நிரந்தரமா நிக்கத் தொடங்கினாப் பிறகு, ரொறன்ரோவில அனேகமா ஏப்ரல் நடுவில. சம்மர்ல ஓடினா அந்த மெதுவான ரப்பர் கெதியா தேய்ஞ்சு போகும், சூடான ரோட்டில பிரேக்கும் நல்லாப் பிடிக்காது. குளிருக்க காத்து அமுக்கமும் இறங்கும், 5, 6 பாகை குறைய ஒரு பிஎஸ்ஐ (காத்து அமுக்கத்தை அளக்கிற அலகு) இறங்கும், அதால வின்ரர்ல மாசம் ஒருக்காவாவது பாருங்கோ. சில்லு மாத்தி 100 கிலோமீற்றர் ஓடினாப் பிறகு நட்டுகளை ஒருக்கா இறுக்கிப் பார்க்க மறக்க வேண்டாம், மாத்தின கராஜ்லயே அனேகமா சும்மா செய்து தருவினம்.