எழுத ஆள் வேண்டும் என்று எப்போது சொல்வது?

கல்லூரித் தேர்வுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இடது கால் சிறு வயதிலேயே சூம்பிவிட்டது. அதனால் மேசைக்கு இரண்டு பக்கமும் நின்று பார்த்திருக்கிறேன். கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

ஐயா, என் மகளுக்குப் பார்வை மிகக் குறைவு. இளங்கலை முதலாண்டு படிக்கிறாள். தேர்வில் அவள் சொல்லச் சொல்ல எழுத ஆள் கேட்டால், "தேர்வு அன்று பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். நம்பலாமா? (பாம்பன்)

நம்பாதீர்கள் அம்மா. அது படகு கிளம்பிய பிறகு ஐஸ் தேடுகிற கதை. அன்று காலையில் வந்து கேட்ட ஒரு பையனுக்கு, வராந்தாவில் போன ஒருவரைப் பிடித்து உட்கார வைத்தோம். பையன் சொன்ன பாடச் சொற்களில் பாதி அவருக்கு எழுதவே தெரியவில்லை. தவறு எங்கள் பிரிவுடையது, மதிப்பெண் போனது பையனுக்கு.

தேர்வுக் கட்டணம் கட்டும்போதே முதல்வர் வழியாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு மனு கொடுங்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழ் நகலை இணையுங்கள். எழுதுபவர், கூடுதல் நேரம், பெரிய எழுத்து வினாத்தாள், தரைத்தள அறை என்று வேண்டியதையெல்லாம் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். "உதவி செய்ய வேண்டுகிறேன்" என்று மட்டும் எழுதினால் அது கோப்புக்குள் தூங்கிவிடும்.

மத்திய அரசின் வழிகாட்டுதல்படி, தேர்வின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும். 3 மணி நேரத் தேர்வுக்கு 1 மணி நேரம். நீங்களே ஆளை அழைத்து வந்தால் அவர் படிப்பில் மகளைவிடக் குறைந்தவராக இருக்க வேண்டும். அவர்கள் தரும் ஆள் என்றால், 2 நாள் முன்பே சந்தித்துப் பேச மகளுக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். இதை வற்புறுத்திக் கேளுங்கள். அவள் பேச்சு வேகம் அவருக்குப் பழக வேண்டாமா?

அண்ணா, பேனா பிடித்தால் விரல்கள் இழுத்துக்கொள்கின்றன. மாற்றுத்திறனாளி சான்றிதழில் குறைபாட்டின் அளவு 30 விழுக்காடுதான் இருக்கிறது. 40 இல்லாததால் எழுத ஆள் தர முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். (கீழக்கரை)

தம்பி, இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் தருகிற 5 விழுக்காடு இட ஒதுக்கீட்டுக்குத்தான் 40 என்ற வரம்பு. எழுத ஆள் கேட்பது வேறு. உங்களைப் போலவே எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் விகாஷ் குமார் என்பவர், குடிமைப் பணித் தேர்வுக்கு ஆள் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 40 விழுக்காடு இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. 40க்குக் கீழே இருப்பவர்களுக்கென்றே 2022 ஆகஸ்டில் மத்திய அரசு தனி வழிகாட்டுதலும் வெளியிட்டது. எழுதுவதில் சிரமம் இருக்கிறது என்று அரசு மருத்துவக் குழுவிடம் சான்று வாங்கி, தீர்ப்பைக் குறிப்பிட்டு மறுபடி மனு கொடுங்கள். வாய்ச்சண்டை வேண்டாம்.

காது கேட்கும் கருவி வைத்திருக்கிறேன். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியே பேசுகிறார். (தங்கச்சிமடம்)

முகம் பார்த்துப் பேசும்படி வகுப்புக்கு வெளியே தனியாகச் சொல்லுங்கள், பெரும்பாலோர் கேட்பார்கள். முதல் வரிசையில் உட்காருங்கள், பாடக் குறிப்பை முன்கூட்டியே கேளுங்கள். இன்னொன்று, நம் ஊர் உப்புக் காற்று கருவிக்கு ஆகாது. இரவில் பேட்டரியைக் கழற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு இறுக மூடிய டப்பாவில் வையுங்கள்.

கற்றல் குறைபாடு மாற்றுத்திறனாளி வகைகளில் சேருமா? (தொண்டி)

சேரும். மேலே சொன்ன 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன. மனநோய், இரத்தம் உறையாமை, தலசீமியாவும் உண்டு.

சக்கர நாற்காலியில் போகிறேன். வகுப்பு இரண்டாம் மாடியில். லிஃப்ட்டுக்குப் பணம் இல்லையாம். (ஏர்வாடி)

லிஃப்ட்டுக்குப் பணம் வேண்டும், வகுப்பைக் கீழே மாற்ற வேண்டாமே! மகளே, அதைத்தான் முதலில் எழுத்தில் கேட்க வேண்டும். நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள். பிறகும் அசையவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போ. முத்திரை போட்ட அந்த நகலை எடுத்துப் போக மறந்துவிடாதே.