பார்வையில்லாத மாப்பிள்ளைக்குத் தனி அனுமதி வேண்டுமா?

கேள்வி: என் தம்பிக்குப் பார்வை கிடையாது. இஸ்ரேலில், ஹைஃபா நகரில் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. "கண் தெரியாதவர் போடும் மோதிரம் யூத முறைப்படி செல்லாது, ரபிமாரிடம் (யூத மதகுருமாரிடம்) தனி அனுமதி வாங்கித் தருகிறேன்" என்று ஒருவர் பணம் கேட்கிறார். பெண் வேலைக்குப் போவதால் தம்பியின் உதவித்தொகை நின்றுவிடுமாம். உண்மையா?

பதில்: ஒரு ஷெக்கேல்கூடக் கொடுக்காதீர்கள் அம்மா. அப்படி ஓர் அனுமதியே கிடையாது. தம்பி தன் மோதிரத்தைத் தன் கையால் போட்டு, சொல்ல வேண்டிய வாக்கியத்தைச் சொன்னால் போதும். அதைப் பார்க்க வேண்டியவர்கள் இரண்டு சாட்சிகள். கெதுபா என்கிற திருமண ஒப்பந்தத்தை அரமேய மொழியில் வாசிப்பார்கள். கண் தெரிந்த மாப்பிள்ளைகளுக்கே அது புரிவதில்லை! அதில் எழுதும் தொகையை மட்டும் முன்கூட்டியே தம்பிக்குச் சொல்லிவிடச் சொல்லுங்கள்.

பணம் கேட்கும் அந்தத் தரகர் இந்தக் கதையை எங்கே பிடித்தார் என்று எனக்குத் தெரியும். சாட்சிக்குத்தான் பார்வை வேண்டும். குரலை வைத்து ஆளைச் சரியாகச் சொன்னாலும் ஏற்க மாட்டார்கள். ஆகவே நண்பன் கல்யாணத்தில் தம்பி சாட்சியாக நிற்க முடியாது. வெளிநாட்டில் எழுதிய 'கெத்' என்ற விவாகரத்துப் பத்திரத்தைக் கணவன் சார்பில் தூதராகக் கொண்டுவரவும் முடியாது. ஏனென்றால், 'என் கண்முன் எழுதினார்கள்' என்று தூதர் சொல்லியாக வேண்டும். சொந்தக் கல்யாணத்தில் தம்பி சாட்சி இல்லையே, மாப்பிள்ளை! உள்ளூர் யூத மதக் கவுன்சிலில் நேரே போய்க் கல்யாணத்தைப் பதிந்து, கட்டணத்துக்கு ரசீது வாங்குங்கள்.

உதவித்தொகையும் கல்யாணத்தால் நிற்காது. மனைவிக்கென்று சேர்த்துத் தரும் தொகைக்குத்தான் அவள் சம்பளத்தைப் பார்ப்பார்கள். மனு எழுத ஆள் வேண்டுமென்றால், உதவித்தொகை தரும் தேசியக் காப்பீட்டு நிறுவனமே நடத்தும் 'யாத் மெகவெனெத்' மையங்களில் இலவசமாக உதவுகிறார்கள். இதற்கும் கமிஷன் கேட்டு வருவார்கள், ஜாக்கிரதை.

பார்வையற்றோர் சான்றிதழ் வேறு விஷயம். அதைத் தருவது நலத்துறை அமைச்சகம். அதே இரண்டு கண்களுக்கு இந்த அலுவலகத்தில் ஒரு கோப்பு, அந்த அலுவலகத்தில் இன்னொரு கோப்பு. ஒன்றில் கொடுத்த காகிதத்தை மற்றதிலும் கொடுக்கச் சொல்வார்கள். என்ன நிர்வாகமோ! அலுப்புப் பட்டு விட்டுவிடாதீர்கள். அந்தச் சான்றிதழ் இருந்தால் 'அர்னோனா' நகராட்சி வரியில் 90% வரை தள்ளுபடி உண்டு. புது வீட்டு வாடகை ஒப்பந்தத்தைப் பெண் பெயரில் மட்டும் போட்டுவிட்டுப் பிறகு அந்தத் தள்ளுபடிக்காக நகராட்சிக்கு அலைபவர்கள் நிறைய. தம்பி பெயரையும் சேர்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.