பனி உறைந்தே ஒரு இரும்புக் கப்பல் கவிழுமா?

கவிழும். இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்து நீராவி இழுவலை மீன்பிடிக் கப்பல்கள் லொரெல்லா, ரோடரிகோ இரண்டும் 1955 ஜனவரி 26 அன்று ஐஸ்லாந்துக்கு வடக்கே இப்படித்தான் போயின. வேறொரு மீன்பிடிக் கப்பலை நீரில் உந்தும் சுழலியில் ஏதோ சிக்கிக்கொண்டது என்று கேட்டு உதவக் கிளம்பியவை. அது தானே தப்பிவிட்டது. இவை புயலில் மாட்டின.

கடுங்குளிரில் தெறிக்கும் ஒவ்வொரு துளியும் கம்பம், கம்பி, கயிறு என்று பட்ட இடத்தில் உறையும். விரல் தடிமன் கம்பி தொடை தடிமனாகும். எடை எல்லாம் மேலே ஏறுவதால், சாய்ந்த கப்பல் நிமிர முடியாது. ஆட்கள் கோடரியால் வெட்ட வெட்டப் பனி ஏறிக்கொண்டே இருந்தது. முதலில் லொரெல்லா, சில மணி நேரத்தில் ரோடரிகோ. நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது: கப்பலுக்கு 20 பேர், மொத்தம் 40 உயிர். ஒருவரும் திரும்பவில்லை.