இரண்டு வருஷமும் எழுபது வருஷமும்

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்பாவுக்கு எட்டு மாதமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் நான் எடுத்த வாக்குத்தத்த அட்டையில், வருஷத்துக்கான வசனமாக, எரேமியா 29:11 வந்தது: கர்த்தர் நம்மேல் நினைத்திருப்பவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று. ‘இந்த வருஷம் சுகம் நிச்சயம்’ என்று ஜெபக்குழுவில் சொன்னார்கள். ஈஸ்டரும் போய்விட்டது. ‘மிஷினை நம்புகிறவரை அற்புதம் நடக்காது, உனக்கு விசுவாசம் பத்தாது’ என்று இப்போது சொல்கிறார்கள். நிறுத்திப் பார்ப்போமா என்று அப்பாவே கேட்கிறார். நோய்க்கு முன் கொல்லையில் வாழைக்கன்று வைக்கக் குழி தோண்டினார். அது அப்படியே கிடக்கிறது. விசுவாசத்துக்கும் நம்பிக்கைக்கும் என்ன வித்தியாசம்? நகை போடுவது பாவமா என்றும் சொல்லுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

டயாலிசிஸை ஒரு முறைகூட விடாதீர்கள். விட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம், பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுபோகலாம். உங்களுக்கு விசுவாசம் பத்தாது என்றவர்களில் ஒருவரும் அந்த ராத்திரி ஆட்டோ பிடிக்க வரமாட்டார்கள். சாகக்கிடந்த எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தார், கர்த்தர் பதினைந்து வருஷம் கூட்டிக்கொடுத்தார் (2 இராஜாக்கள் 20). அதே அதிகாரத்தில்தான் ஏசாயா அவருடைய பிளவைக்கு அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொல்கிறார். தீர்க்கதரிசியே பற்றுப்போடச் சொல்லும்போது மிஷினில் என்ன அவிசுவாசம்? அப்பாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

நகையை விடுங்கள். மருத்துவச் செலவுக்கு அடகு வைக்காமல் மிச்சமிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

விசுவாசம், நம்பிக்கை பற்றிக் கேட்டீர்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் 1 கொரிந்தியர் 13இல் ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு’ என்று இருக்கிறது. கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் அதே வசனம் ‘நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு’. நமக்கு இரண்டாவதாக நிற்கும் சொல் அவர்களுக்கு முதலாவதாக நிற்கிறது. எனக்கு ‘எதிர்நோக்கு’ பிடிக்கும். வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவர் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறார். இதை விரித்து எழுதத்தான் நினைத்தேன். ஆனால் உங்கள் அட்டை என் கையைப் பிடித்து இழுக்கிறது.

அந்த அட்டையில் பதினோராம் வசனம் மட்டும் இருக்கும். பத்தாம் வசனத்தை யாரும் அச்சடிப்பதில்லை. ‘எழுபது வருஷம்’ கழிந்த பிறகுதான் ஊர் திரும்புவீர்கள் என்று அதில் இருக்கிறது.

அது ஒரு கடிதம், தங்கச்சி. கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து தன் ஊருக்குப் பிடித்துக்கொண்டுபோன ஜனங்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எழுதியது. அதற்கு முந்தின அதிகாரத்தை வாசித்தீர்களா? தேவாலயத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி எழுந்து, இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பிவரும் என்கிறான். எரேமியா முதலில் என்ன சொல்கிறார் தெரியுமா? ‘ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக.’ அவருக்கும் அதுதான் ஆசை. பாபிலோனுக்கு அடங்கியிருக்கவேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மர நுகத்தை அனனியா பிடுங்கி உடைக்கிறான். எரேமியா ஒன்றும் பேசாமல் தன் வழியே போகிறார். கர்த்தருடைய வார்த்தை வந்த பிறகுதான் திரும்பி வந்து, நீ இந்த ஜனத்தைப் பொய்யை நம்பும்படிச் செய்தாய் என்கிறார்.

பொய்யை நம்பும்படி! நம்பிக்கை இல்லாததைக் கண்டிக்கவில்லை. தேதி போட்ட நம்பிக்கையைக் கண்டித்தார். நம் கூட்டங்களில் மைக் பிடிக்கிறவர்களில் பாதிப்பேர் அனனியாக்கள். நான் இவ்வளவு கோபமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒருவர், நாற்பது நாளில் எழுந்து நடப்பீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் நம்பினேன். காலண்டரில் ஒவ்வொரு நாளாகக் கோடு போட்டேன், அம்மா பார்க்கும்படி. நாற்பத்தோராம் நாள் காலையில் குழறின வாயோடு அம்மா கேட்டாள், ‘என் விசுவாசம் பத்தலையோ?’ நாக்கே எழும்பாத ஒருத்தி தன்மேல் குற்றம் சுமந்துகொண்டு கேட்டாள். அந்தக் கோடுகளை நான் போட்டிருக்கக்கூடாது. இன்றைக்கும் அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அம்மா ஒன்றை விடவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் உலை வைக்குமுன் பெண்கள் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனியே எடுத்துப் போடுவார்கள். அரிசிப் பானையைக் கட்டிலுக்குக் கொண்டுவரச் சொல்வாள். நல்ல கையும் அதற்குள் சோர்ந்துவிட்டிருந்தது. விரல்கள் முழுக்க மூடாது. டப்பாவுக்குப் போகுமுன் பாதி அரிசி இடுக்கில் ஒழுகிப் போர்வையில் விழும். நான் பொறுக்கிப் பானையில் போடப்போனால் கண்ணாலேயே அதட்டுவாள். சிந்தினதும் கோயிலுக்குத்தான். அவளை அடக்கம்பண்ணின பிறகு வந்த ஞாயிறு அந்த டப்பாவைக் கோயிலில் கொடுத்தேன். அரைப்படிக்குக் கொஞ்சம் குறைவு. நாற்பது நாள் சொன்னவரிடம் நான் பார்க்காத எதிர்நோக்கு அந்த டப்பாவில் இருந்தது.

எரேமியாவின் கடிதம் போய்ச் சேர்ந்தபோது வளர்ந்த ஆளாக இருந்தவர் எத்தனை பேர் எழுபது வருஷம் கழித்து உயிரோடிருந்திருப்பார்கள்? அவர்களிடம்தான் ‘வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி’ என்று ஐந்தாம் வசனம் சொல்கிறது. எதிரியின் ஊரில், ஊர் திரும்பமாட்டோம் என்று தெரிந்தவர்கள் மண்வெட்டி எடுக்கவேண்டும். அதையும் கர்த்தர்தான் சொன்னார்.

அதனால் அந்த அட்டையைப் பைபிளுக்குள் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கிழிக்கவேண்டாம். அப்பா குணமாகவேண்டும் என்று தினமும் கேளுங்கள், நானும் கேட்கிறேன், ஆமென் சொல்கிறேன். டயாலிசிஸ் இல்லாத ஒரு நாள், வெயில் தாழ்ந்த பிறகு, கொல்லையில் அப்பாவுக்கு ஒரு நாற்காலி போடுங்கள். எந்தக் கன்று, எவ்வளவு ஆழம், எவ்வளவு சாணி என்று அவர் சொல்லட்டும், நீங்கள் வையுங்கள். வாழைப்பழம் அவருக்கு ஆகாது, பொட்டாசியம் அதிகம். குலை தள்ளினால் தெருப்பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கன்று வைத்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.