பிரிட்டனில் கார் ஓட்டுவது பிரான்சைவிட இன்பமா, தொல்லையா?

இரண்டும்தான். ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் ஒரு வண்டி மட்டுமே போகும் அகலத்தில் சாலைகள் உண்டு. எதிரே வண்டி வந்தால், ஆங்காங்கே விட்டிருக்கும் ஒதுங்கிடத்தில் ஒருவர் காத்திருப்பார். மற்றவர் கையை உயர்த்தி நன்றி காட்டிக் கடந்துபோவார். இந்த மரியாதைக்காகவே அங்கே ஓட்டலாம். ஆனால் லண்டனைச் சுற்றும் எம்25 நெடுஞ்சாலையில் மாலை நேரத்தில் சிக்கினால் அந்த நல்லெண்ணமெல்லாம் ஆவியாகிவிடும்.

பிரான்சின் பெருநெடுஞ்சாலைகளில் மணிக்கு 130 கிலோமீட்டர் வரை போகலாம், மழை பெய்தால் 110. பிரிட்டனில் 70 மைல், அதாவது சுமார் 113 கிலோமீட்டர். பிரான்சில் அந்த வேகத்துக்கு விலை சுங்கக் கட்டணம். பிரிட்டனிலோ பெரும்பாலும் இலவசம். இன்னொன்று: வலப்பக்கம் ஸ்டீயரிங் உள்ள பிரிட்டன் காரில் போனால் இடப்பக்கம் இருக்கும் பிரெஞ்சுச் சுங்கச்சாவடி இயந்திரம் ஓட்டுநருக்கு எட்டாது. கூட யாரும் இல்லையென்றால் இறங்கிச் சுற்றி ஓடவேண்டியதுதான், பின்னால் ஹாரன் முழங்க.